கயிறில்லாக் குளியாள்

கொற்கைப் பக்கம் முத்தெடுக்கத் தண்டனை பெற்ற கைதிகளைத்தான் கடலில் இறக்கினார்கள் என்று, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் யாரோ ஒரு கிரேக்க வணிகன் தன் 'பெரிப்ளூஸ்' குறிப்பில் எழுதிவைத்துவிட்டுப் போனான். நேரில் பார்த்து எழுதினானா, துறைமுகத்தில் காதில் விழுந்ததை எழுதினானா என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கடலடி வேலைக்குத் தானாக முன்வந்து நிற்பவனைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். நான் அப்படி நின்றவன். குற்றம் எதுவும் செய்யவில்லை. மின்னணுவியல் படித்தேன், அவ்வளவுதான்.

நான் போய்ச் சேர்ந்தது கடலடி நிலநடுக்கமானி வடிவமைக்கும் ஒரு சின்னக் குழுவில். தரையில் நிலநடுக்கமானி வைப்பது சுலபம். பாறை பார்த்து ஒரு குழி, அதில் சிமெண்டு மேடை, மேலே கூரை, காவலுக்கு ஓர் ஆள். ஆனால் உலகத்தின் பெரிய நிலநடுக்கங்கள் சிமெண்டு மேடைக்கு அருகில் வந்து நிகழ்வதில்லை. ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் கடற்பள்ளங்களில்தான் அவை பெரும்பாலும் கிளம்புகின்றன. அவற்றைக் கரையிலிருந்து மட்டும் அளப்பது, ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுப் பஞ்சாயத்துத் தீர்ப்புச் சொல்வது போலத்தான். மையம் எங்கே என்பதில் பிழை வரும். எவ்வளவு ஆழம் என்பதில் அதைவிடப் பெரிய பிழை வரும். ஆகவே கருவியைக் கடலுக்குள் இறக்கியாக வேண்டும். ஒரு பொருளைக் கடலடிக்கு அனுப்பித் திரும்ப எடுப்பது எப்படி என்று தூத்துக்குடிக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நானும் தூத்துக்குடிக்காரன்தான், என்னையும் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என் பெரியப்பாவைக் காட்டியிருப்பேன். 1955 முதல் 1961 வரை இங்கே நடந்த முத்துக்குளிப்பில் குளித்தவர் அவர். அதற்குப் பிறகு அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்தவே இல்லை. நடத்தும் அளவுக்குப் பார்களில், அதாவது முத்து விளையும் கடலடித் திட்டுகளில், சிப்பி சேரவில்லை. முன்பும் அப்படி இடைவெளிகள் உண்டு. சிப்பி சில ஆண்டுகள் அள்ள அள்ளக் கிடக்கும், பிறகு பல ஆண்டுகள் கண்ணில் படாது. ஆனால் இந்த இடைவெளி அறுபது ஆண்டைத் தாண்டிவிட்டது. அதற்குள் 1973-ல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சுவாமி சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார். முத்துக்கு இனி மூச்சடக்க வேண்டியதில்லை என்று ஆயிற்று. பெரியப்பாவும் அவர் கூட்டாளிகளும் சங்கு குளிக்கப் போனார்கள்.

அவர் முத்துக் குளித்த முறையில் நூற்றாண்டுகளாக மாற்றம் ஒன்றும் இல்லை. தொள்ளாயிரம் பார், வான்தீவு ஆறுபாகம் பார் என்று பார்களுக்குப் பெயர். ஆழம் பத்துப் பன்னிரண்டு பாகத்துக்குள்; இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம். கரைக்காற்றில் விடியுமுன் கிளம்பி, கடற்காற்று எழுந்ததும் திரும்ப வேண்டும். ஒரு கல்லுக்கு இரண்டு குளியாட்கள். மாறி மாறி இறங்குவார்கள். பதினைந்து இருபது கிலோ எடைக் கல்லில் காலை வைத்து, மூக்கைக் கையால் பிடித்துக்கொண்டு, விர்ரென்று அடிக்குப் போவார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளியாட்கள் மூக்குக்குக் கொம்பில் செய்த கவ்வி போடுவார்கள். நம்மவர்களுக்கு விரல்தான் கவ்வி. அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார். மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம் சிப்பியை வாரி வலைப்பையில் போட்டுவிட்டு இன்னொரு கயிற்றை ஒரு வெட்டு வெட்டினால், மேலே இருப்பவர் ஆளையும் பையையும் சேர்த்து இழுப்பார்.

மேலே இருப்பவர் யார் என்பதில்தான் சூட்சுமம். கயிறு மச்சான் கையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரை வழக்கு. அண்ணன் தம்பி என்றால் சொத்துப் பிரச்சினை வரலாம். கூட்டாளி என்றால் கணக்குப் பிரச்சினை வரலாம். மச்சான் மட்டும் தன் தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான். பெரியப்பாவின் கயிற்றைப் பிடித்தது என் பெரியம்மாவின் அண்ணன். கரையில் அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத மாதங்கள் உண்டு. படகில் அது பொருட்டே அல்ல.

எங்கள் கருவியின் முதல் மாதிரியைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே ஆழமில்லாத இடத்தில் இறக்கிப் பார்ப்பதாக முடிவாயிற்று. லாரியில் வந்து இறங்கியதைப் பெரியப்பா வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார்.

"கயிறு எங்கலே?"

"கயிறு கிடையாது பெரியப்பா."

"கயிறு இல்லாமலா? பின்ன எப்படி ஏறும்?"

"கூப்பிட்டா வரும்."

"கூப்பிட்டா நம்ம வீட்டு நாயே வரமாட்டேங்கு."

அவர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே கவலைப்பட்டார்.

கயிறு ஏன் இல்லை என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. நாலாயிரம் மீட்டர் ஆழத்துக்குக் கயிறு கட்டினால் கயிற்றின் எடையே கருவியைவிடப் பல மடங்கு ஆகும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஓராண்டு அங்கேயே நிற்க முடியாது. கப்பல் போய்விட்டு மிதவையில் கட்டிவைத்தாலும், நீரோட்டத்தில் கயிறு அதிரும். அந்த அதிர்வையெல்லாம் கருவி நிலநடுக்கம் என்று பதிவு செய்துகொண்டு கிடக்கும். ஆகவே கருவி தனியாக இறங்கும், தனியாகக் கிடக்கும், தனியாக ஏறும். இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியப்பா அடியில் கட்டியிருந்த இரும்புச் சட்டத்தைக் காலால் தட்டினார்.

"இது கல்லா?"

"ஆமா. இதோட எடையில இறங்கும். ஏறும்போது இத அங்கேயே விட்டுட்டு வந்துரும்."

"ஒவ்வொரு தடவையும் விட்டுட்டா வருவிய?"

"ஆமா."

"அரசாங்கப் பணம்," என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

அவர் ஊகித்தது சரி. வேலையின் சாரம் அந்தக் கல்தான். கருவியின் மேற்பாதி தண்ணீரைவிட இலேசாக இருக்கும்படி செய்ய வேண்டும். கல்லைச் சேர்த்தால் கனமாக வேண்டும். மிதப்பதற்குக் கண்ணாடி உருண்டைகள். நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் விட்டம், இரண்டு அரைக்கோளங்கள். அவற்றை ஒட்ட எந்தப் பசையும் கிடையாது. விளிம்புகளை மழமழவென்று இழைத்துப் பொருத்தி, உள்ளே கொஞ்சம் காற்றை உறிஞ்சிவிட்டால் போதும். மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடி இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும். ஆறாயிரம் மீட்டரில் சுமார் அறுநூறு மடங்கு வளிமண்டல அழுத்தம். இரும்பு உருண்டையை அந்த அழுத்தத்துக்குத் தாங்கும்படி தடிப்பாகச் செய்தால் அது மிதக்காது. கண்ணாடி தாங்கும், மிதக்கவும் செய்யும். அதில் மயிரிழைக் கீறல் ஒன்று இருந்துவிட்டால் ஆழத்தில் நொறுங்கும். ஒன்று நொறுங்கும் அதிர்ச்சியில் பக்கத்தில் இருப்பதும் நொறுங்கலாம். சந்தையில் மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பார்களே, நாங்களும் லட்சக்கணக்கில் விலைபோன அந்த உருண்டைகளை விளக்கடியில் உருட்டி உருட்டிக் கீறல் பார்த்தோம். உத்தி ஒன்றுதான், சம்பளம்தான் வேறு.

கல்லை எப்படி விடுவிப்பது? 1930-களின் கடைசியில் அமெரிக்காவில் மாரிஸ் யூவிங்கும் அவர் கூட்டாளிகளும் கயிறில்லாமல் கருவியைக் கடலடிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். மிதப்பதற்குப் பெட்ரோல் நிரப்பிய பை. பெட்ரோல் தண்ணீரைவிட இலேசு, அழுத்தத்தில் பெரிதாகச் சுருங்காது. கல்லைப் பிடித்திருந்தது ஓர் உப்புக்கட்டி. கடலில் உப்பு கரைந்ததும் பிடி விட்டுப்போகும். கருவி மேலே வரும். இதைப் படித்த அன்று எனக்குத் தாங்கவில்லை. தருவைகுளத்திலிருந்து ஆறுமுகநேரி வரை உப்பளம். சின்ன வயதிலிருந்து எங்கே திரும்பினாலும் வெள்ளைக் குவியல். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்து உப்பு. நிலநடுக்க அறிவியலுக்கு இவ்வளவு அடிப்படையான பொருளை நாங்கள் கருவாட்டுக்குப் போட்டு வீணடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

உப்புக்கட்டியின் காலம் போய்விட்டது. அது எப்போது கரையும் என்று கடல்தான் முடிவு செய்யும், விஞ்ஞானி அல்ல. இப்போது கப்பலிலிருந்து ஒரு குறிப்பிட்ட ஒலிச் சங்கேதத்தைத் தண்ணீருக்குள் அனுப்புகிறோம். கருவி அதை அடையாளம் கண்டுகொண்டு பதில் ஒலி எழுப்பும். பிறகு கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய உலோகக் கம்பியில் மின்சாரத்தைப் பாய்ச்சும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் உலோகம் அரித்துக் கரையும். சில நிமிடங்களில் கம்பி அறும். ஆக, உப்பு இல்லாமல் இன்றும் வேலை நடக்காது. நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஏறி, நாலாயிரம் மீட்டரிலிருந்து மேலே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேலே வந்ததும் ஆரஞ்சுக் கொடி, இரவானால் மின்னும் விளக்கு, ரேடியோ ஒலி. கப்பலில் எல்லாரும் வரிசையாகக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்போம். முனைவர் பட்டம் வாங்கியவர்களும் சமையற்காரரும் சேர்ந்து நிற்கும் நேரம் அது ஒன்றுதான். முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சமையற்காரர்.

கீழே கிடக்கும் காலத்தில் கருவிக்கு இரண்டு விஷயம் தெரியாது: மணி என்ன, தான் எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறோம் என்பது.

மணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் அலை தண்ணீருக்குள் நுழையாது. உள்ளே இருக்கும் படிகக் கடிகாரம் நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிசெகண்டு முன்னே பின்னே ஓடும். கேட்கச் சிறிதுதான். ஓராண்டில் அரை நொடி, முக்கால் நொடி ஆகிவிடும். பூமிக்குள் அலை நொடிக்கு எட்டு கிலோமீட்டர் போகிறது; அரை நொடி தவறினால் நிலநடுக்கத்தின் இடம் நாலு கிலோமீட்டர் தவறும். இறக்குமுன் ஒரு தடவையும் எடுத்தபின் ஒரு தடவையும் செயற்கைக்கோள் நேரத்தோடு ஒப்பிட்டு, இடையில் கடிகாரம் ஒரே சீராகத்தான் தவறியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பெரியப்பாவிடம் கடிகாரமே கிடையாது. நேரத்தை நெஞ்சுக்குள் வைத்திருந்தார். அதைத் திருத்துவதற்கு இரண்டாவது வாய்ப்பும் கிடையாது.

திசை இன்னும் வேடிக்கை. கருவி விழுகிற வழியில் நீரோட்டம் இழுத்துப்போகும். விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கப்பல் மேலே வட்டமடித்துப் பல இடங்களிலிருந்து ஒலி அனுப்பித் தூரத்தை அளக்கும். பெரியப்பா காலத்தில் மாதா கோயில் கோபுரத்தையும் கரையிலுள்ள இன்னொரு அடையாளத்தையும் ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்திப் பார்த்து பாரின் இடத்தைப் பிடித்தார்கள். கணக்கு ஏறக்குறைய அதேதான். சரிவில் விழுந்தால் உள்ளே இருக்கும் உணரியை ஒரு சின்ன மோட்டார் மெல்லத் திருப்பி மட்டம் பிடித்து வைக்கும். ஆனால் வடக்கு எது என்று சொல்ல யாரும் இல்லை. எங்கோ தூரத்தில் பெரிய நிலநடுக்கம் ஒன்று வந்து, அதன் அலை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பின்னால் கணக்குப் போட்டால்தான் கருவி எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று தெரியும். அதாவது நிலநடுக்கத்தை அளக்க இறக்கிய கருவியின் திசையை நிலநடுக்கம் வந்துதான் நமக்குச் சொல்ல வேண்டும். இதைத் திட்ட அறிக்கையில் எப்படி எழுதினாலும் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது.

அளப்பது ஒருபுறம் இருக்க, ஆபத்தை எச்சரிக்கும் முறை ஒன்று எங்கள் கடலுக்கு வெகு காலத்துக்கு முன்பே இருந்தது. சுறா வராமல் மந்திரத்தால் கடலைக் கட்டியவர் கடல்கட்டி. மார்க்கோ போலோ பார்த்த காலத்தில் எடுத்த முத்தில் பத்தில் ஒன்று அரசனுக்கும், இருபதில் ஒன்று மந்திரம் போட்டு மீன்களைக் கட்டியவர்களுக்கும் போயிற்று. கட்டு பகலுக்கு மட்டும்தான்; மாலையில் அவிழ்த்துவிடுவார்கள், இரவில் திருடன் இறங்காமல் இருக்க. 1800 வாக்கில் இலங்கையில் இருந்த கார்டினர் என்ற பாதிரியார், மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையில் நடந்ததை இன்னும் விளக்கமாக எழுதியிருக்கிறார். கடல்கட்டி கரையில் ஓர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். முன்னால் பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர், அதில் வெள்ளியில் செய்த ஆண் மீன் ஒன்று, பெண் மீன் ஒன்று. கடலில் சுறாவால் ஆபத்து என்றால் ஒரு மீன் மற்றொன்றைக் கடிக்குமாம். படகுகள் கரை திரும்பும்வரை அவர் அறையை விட்டு வெளியே வரமாட்டார்.

சிரிக்கலாம். ஆனால் வடிவமைப்பாளன் கண்ணால் பாருங்கள். தொலைவில் உள்ள ஆபத்தை உணரும் கருவி, கரையில் ஒரு கட்டுப்பாட்டு அறை, இடைவிடாத கண்காணிப்பு, வருவாயில் நிலையான ஒதுக்கீடு. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே கடலடி பிளந்தபோது நம்மிடம் வெள்ளி மீன்கூட இல்லை. அலை தமிழ்நாட்டைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது; அந்த நேரம் முழுக்க வீணாகப் போயிற்று. தூத்துக்குடிக்கு இலங்கை குறுக்கே நின்றது. நாகப்பட்டினத்துக்கும் கன்னியாகுமரிக்கும் நிற்க யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஐதராபாத்தில் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபரில் சுனாமி எச்சரிக்கை நிலையம் வந்தது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் கடலடி அழுத்தமானிகளை இறக்கி மேலே மிதவைகளை வைத்தது. பல ஆயிரம் மீட்டர் தண்ணீருக்கு அடியில் கிடந்துகொண்டு, மேலே கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் கண்டுபிடிக்கும் கருவி அது.

2012 ஏப்ரல் 11 மதியம் மறுபடியும் சுமத்ராவுக்கு மேற்கே, 8.6 அளவில் நிலம் குலுங்கியது. கரையோரம் முழுக்க ஓட்டம். அலை வரவில்லை. நிலத்தட்டு இந்த முறை மேலும் கீழுமாக அல்ல, பக்கவாட்டில் உரசியிருந்தது, தண்ணீரைத் தூக்கவில்லை. கடலடிக் கருவிகள் சில சென்டிமீட்டர் ஏற்றம்தான் என்று சொன்ன பிறகு எச்சரிக்கையை விலக்கினார்கள். ஊரில் பெரியப்பாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். "கட்ட அவுத்துட்டாங்கன்னு சொல்லு" என்றார்.

அந்த மிதவைகளின் கதையையும் சொல்லியாக வேண்டும். நடுக்கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் மீன் சேரும். இது கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும், வடிவமைப்பு மேசையில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. படகுகள் மிதவையில் கட்டி நின்று மீன் பிடித்தன. கம்பங்கள் வளைந்தன, சூரியத்தகடுகள் காணாமல் போயின. மீனவர்களைக் காக்க வைத்த கருவியை மீனவர்கள் உடைக்கிறார்களே என்று கூட்டம் போட்டு வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் முழுதாக ஒட்டவில்லை. நடுக்கடலில் அரசாங்கமே மீன் சேர்த்துக்கொடுத்த முதல் திட்டம் அது.

முத்துக்குளிப்பில் எனக்குப் பிடித்த பகுதி ஏலம். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு என்பது வழிவழிக் கணக்கு. அரசாங்கப் பங்கை ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள், திறக்காமலே. உள்ளே முத்து இருக்கிறதா என்பது வாங்கியவன் பாடு. வாங்கியவன் அதைக் குவித்து அழுகவிடுவான்; ஊரே நாறும், ஈ மொய்க்கும். பிறகு கழுவிக் கழுவிச் சலித்தால் அடியில் சில முத்து.

ஓராண்டு கழித்து மேலே வந்த கருவியைத் திறக்கும்போது நிலைமை அச்சு அசல் இதுதான், நாற்றம் உட்பட. வெளியே ஒட்டியிருப்பது கடல்பூச்சிகள். உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்கும்வரை தெரியாது. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் பெரும்பகுதி கடலின் சொந்த இரைச்சல்: எங்கோ அடிக்கும் புயலின் அலைகள் தரையை ஐந்து பத்து நொடிக்கு ஒருமுறை அசைத்துக்கொண்டே இருக்கும், நீரோட்டம் கருவியை இலேசாகச் சாய்க்கும், ஏதாவது மீன் வந்து இடிக்கும். துடுப்புத் திமிங்கிலம் நொடிக்கு இருபது அதிர்வில் மணிக்கணக்காகப் பாடும். திமிங்கிலப் பாட்டைப் பல காலம் குப்பை என்று வடிகட்டி எறிந்தார்கள். 2021-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் அந்தப் பாட்டின் எதிரொலியை வைத்தே கடலடிப் பாறையடுக்கை அளந்து காட்டிவிட்டார்கள். எறிந்தவர்கள் இப்போது பழைய பதிவுகளைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

முத்தும் கிடைக்கிறது. கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனம் 2013-14-ல் அந்தமான் கடலில் இறக்கிய கருவிகள் 2014 மார்ச்சில் நிக்கோபாருக்கு அப்பால் கொத்துக் கொத்தாக வந்த சிறு நடுக்கங்களைப் பிடித்தன. கடலடி எரிமலையின் கீழே பாறைக்குழம்பு நகர்ந்த தடயம் அது. 2018-ல் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம், இலங்கைக்குத் தெற்கே பூமியின் ஈர்ப்பு குறைந்து கடல்மட்டமே 106 மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கும் பகுதியில் கருவிகளை இறக்கியது. நம் காலடிக்குத் தெற்கே கடலில் அவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது. கப்பல்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அவையும் சேர்ந்தே தாழ்கின்றன.

எங்கள் கருவிகளில் ஒன்று ஒரு தடவை மேலே வரவில்லை. கூப்பிட்டோம், பதில் சொன்னது. கல்லை விடு என்றோம், விட்டுவிட்டேன் என்றது. தூரத்தை அளந்தால் ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை. சேற்றில் புதைந்திருக்கலாம், கல் கழன்றும் சிக்கியிருக்கலாம். விடிய விடியக் கூப்பிட்டோம். ஒவ்வொரு தடவையும் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டு அங்கேயே கிடந்தது. கப்பலுக்கு அடுத்த வேலை இருந்ததால் கிளம்பிவிட்டோம்.

ஆண்டுக் கையிருப்புச் சரிபார்ப்பில் விவகாரம் ஆரம்பித்தது. ஓர் அலுவலகம் - பெயர் வேண்டாம் - பதிவேட்டில் கருவி எங்கே என்று கேட்டது. அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம் எல்லாம் எழுதிக் கொடுத்தோம். நேரில் காட்ட வேண்டும் என்றார்கள். முடியாது என்றோம். அப்படியானால் காணவில்லை என்று எழுதி, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலை இணைக்கச் சொன்னார்கள். காணவில்லை என்று சொல்ல முடியாது, இருக்கும் இடம் தெரியும். இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, காட்ட முடியாது. இந்த அத்வைதத்தில் இரண்டு நிதியாண்டு கழிந்தது. அதே கோப்பில் இன்னொரு கேள்வியும் வந்தது: ஒவ்வொரு பயணத்துக்கும் இரும்பு எடைகள் புதிதாக வாங்கப்படுகின்றன, பழையவை ஏன் கிடங்குக்குத் திருப்பப்படவில்லை? பெரியப்பா துறைமுகத்தில் கேட்ட அதே கேள்வி. தணிக்கைத் துறையில் சேர்ந்திருந்தால் பெரிய ஆளாக வந்திருப்பார்.

இப்போது காற்று மாறி அடிக்கிறது. கயிறில்லாத கருவியின் பெருமையெல்லாம் ஆராய்ச்சிக்குச் சரி. ஓராண்டு கழித்துத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றால் எச்சரிக்கைக்கு அது உதவாது. ஆகவே கயிறு திரும்பி வந்துவிட்டது, கேபிள் என்ற பெயரில். அமெரிக்கர்கள் 1966 முதலே கலிபோர்னியாவுக்கு அப்பால் கேபிளில் கட்டிய ஒரு கடலடி நிலையத்தைச் சில ஆண்டுகள் ஓட்டியிருந்தார்கள். அதைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு உலகம் தனிக்கருவிகளின் பின்னால் போயிற்று. 2011 சுனாமியில் அடிபட்ட ஜப்பான் தன் கிழக்குக் கடலில் 150 நிலையங்களை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கேபிளில் கோத்துப் போட்டது. கரையிலிருந்து மின்சாரம் போகிறது. சரியான நேரம் போகிறது. பதிவு உடனுக்குடன் வருகிறது. கடிகாரத் தவறு, பேட்டரி, உப்புக்கட்டி, கூப்பிட்டால் வருவது, ஒன்றும் வேண்டாம்.

அதையும் தாண்டி, கருவியே வேண்டாம், கேபிளே போதும் என்கிறார்கள். கண்ணாடி இழைக்குள் லேசர் துடிப்பை அனுப்பினால் வழி நெடுக அதில் கொஞ்சம் சிதறித் திரும்பும். தரை அசைந்தால் இழை நெளியும், திரும்பும் ஒளி மாறும். கயிற்றின் ஒவ்வொரு பாகமும் ஒரு நிலநடுக்கமானி. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு அருகே மவுண்ட் லவினியா வரை 2006 முதல் ஒரு தொலைத்தொடர்புக் கேபிள் கிடக்கிறது. அதில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாமே என்று ஓய்வுபெற்றவனுக்கு உரிய உற்சாகத்தோடு சொன்னேன். விசைப்படகு வலையும் நங்கூரமும் கேபிளை அறுத்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பெரியப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் கயிறு வந்ததில் திருப்திப்பட்டு, அடுத்ததாக மேலே பிடித்திருப்பது யார் என்று கேட்டிருப்பார். சில நாளுக்கு முன் அதற்கும் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கடலடிப் பதிவுகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்க ஆட்கள் தேவை, மூன்று ஷிப்டு, பட்டப்படிப்பு போதும், ஒப்பந்த அடிப்படையில் பதினோரு மாதம். தகுதிப் பட்டியலை இரண்டு முறை படித்தேன். மச்சானாக இருக்க வேண்டும் என்று எங்கும் போடவில்லை.